பெரியவர்களும் வீட்டுக் கருவிகளும்: எங்கிருந்து தொடங்குவது?

அப்பாவுக்கோ பாட்டிக்கோ புது ஃபோன் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் காட்டிவிட்டு வருகிறோம். மறுநாளே “ஒண்ணும் வரமாட்டேங்குது” என்று அழைப்பு வருகிறது. “வயசாயிடுச்சு, சொன்னது மனசுல நிக்கல” என்று நாமும் முடிவுகட்டிவிடுகிறோம். மறதியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நான் அதிகம் பார்த்தது வேறு மூன்று காரணங்களை. எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, கருவி எழுப்பும் ஒலி காதில் விழவில்லை, விரல் பட்டதைத் திரை உணரவில்லை. இவற்றைச் சரிசெய்யாமல் பத்து முறை விளக்கினாலும் பதினோராவது முறையும் அதே அழைப்பு வரும்.

அதனால் முதலில் அவரைக் கவனிப்போம். அடுத்து கருவியை அவருக்கு ஏற்றபடி மாற்றி, அதில் தேவையில்லாததைக் குறைப்போம். சொல்லிக்கொடுப்பது அதற்கு அப்புறம்தான்.

1. பேசாமல் கவனியுங்கள்

ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டிவியோ ஃபோனோ வாஷிங் மெஷினோ வழக்கம்போல் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். தப்பாக அழுத்தினாலும் திருத்தாதீர்கள். ஃபோனைக் கை நீட்டித் தூரப் பிடிக்கிறாரா? ஒரே பட்டனை இரண்டு மூன்று முறை குத்துகிறாரா? ரிமோட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறாரா? எந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது? வாயால் சொல்லாத பல விஷயங்களை இதில் தெரிந்துகொள்ளலாம். “கண்ணு தெரியல” என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் “எனக்கு இதெல்லாம் எதுக்கு” என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிடக் கூடாது.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதுல உங்களுக்கு என்ன செய்யணும்?” “ஸ்மார்ட்ஃபோன் கத்துக்கணும்” என்று யாரும் சொல்வதில்லை. “பேரன் முகத்தைப் பார்த்துப் பேசணும்”, “பழைய பாட்டு கேக்கணும்” என்பார்கள். தொடங்கவேண்டிய இடம் அதுதான். நமக்கு முக்கியமாகத் தோன்றும் பில் கட்டுவதும் மருத்துவரிடம் நேரம் வாங்குவதும் பிறகு வரட்டும். ஆசைப்பட்ட ஒன்று கைக்கு வந்துவிட்டால் அடுத்ததை அவரே கேட்பார்.

2. கருவியை அவருக்கு ஏற்ப மாற்றுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

கண்ணிலிருந்து தொடங்கலாம். நாற்பதைத் தாண்டினால் கிட்டே இருப்பதைப் பார்க்கும் திறன் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதோடு கண்ணின் வில்லை (லென்ஸ்) மெல்ல மஞ்சளாகிறது, கண்பாப்பாவும் சுருங்குகிறது. 20 வயதுக்காரரோடு ஒப்பிட்டால் 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேருகிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து, கறுப்பு ரிமோட்டில் சின்ன எழுத்து, ஸ்டீல் நிறப் பலகையில் வெள்ளிக் குறியீடு எல்லாம் நமக்குத் தெரியும். அவருக்கு அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும்.

ஃபோனில் எழுத்தின் அளவு, திரையில் உள்ள மற்றவற்றின் அளவு என இரண்டு அமைப்புகள் உண்டு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் ‘ஃபான்ட் சைஸ்’, ‘டிஸ்ப்ளே சைஸ்’ என்று இருக்கும். பலரும் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எழுத்து பெரிதானாலும் பட்டன் சிறிதாகவே இருந்துவிடும். அதற்காக ஒரேயடியாகக் கடைசி அளவுக்கும் போகாதீர்கள், சில ஆப்களில் பட்டன்கள் திரைக்கு வெளியே தள்ளப்பட்டுவிடும். ஒவ்வொரு படியாகக் கூட்டி, அவரையே ஒரு குறுஞ்செய்தியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். தடித்த எழுத்து இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். திரை அணையும் நேரம் பெரும்பாலும் 30 நொடியில் இருக்கும். அதை 2 நிமிடத்துக்கோ 5 நிமிடத்துக்கோ நீட்டுங்கள். அடுத்து எதை அழுத்துவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டுபோவதுதான் “ஃபோன் ரிப்பேர்” என்ற பல புகார்களுக்குக் காரணம். வாஷிங் மெஷினுக்கும் மைக்ரோவேவுக்கும் மேலே நல்ல விளக்கு ஒன்று போடுவது எந்த விளக்கத்தையும்விட அதிகம் உதவும்.

அடுத்து காது. வயதால் கேட்கும் திறன் குறையும்போது முதலில் போவது உச்சமான, கீச்சென்ற ஒலிகள். வீட்டுக் கருவிகள் போடும் ‘பீப்’ பெரும்பாலும் அந்த வகைதான். என் பெரியம்மா புது வாஷிங் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். “ஏன் பெரியம்மா இங்கேயே உக்காந்திருக்கீங்க, முடிஞ்சா அதுவே சத்தம் போடுமே” என்றேன். “அது எங்கப்பா சத்தம் போடுது? பழசு நல்லா ‘கிர்ர்’னு கத்தும், இது ஊமை” என்றார். அப்போது மெஷின் முடிந்து பீப் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சு அவருக்குத் தெளிவாகக் கேட்டது, அந்த ஒலி மட்டும் கேட்கவில்லை. அழுத்தமாக மணி அடிக்கும் சாதாரண டைமர் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்ததும் ஸ்டூல் தேவைப்படவில்லை.

ஃபோனுக்கும் இதேதான். கீச்சென்ற ரிங்டோனை மாற்றி, கனமான குரலோ தாழ்ந்த சுருதியில் மணியோ வையுங்கள். அழைப்பு வரும்போது அதிர்வும், ஃப்ளாஷ் விளக்கு மின்னுவதும் சேரட்டும். ஒரு காது மட்டும் மந்தம் என்றால், செட்டிங்ஸில் ‘ஆக்ஸசிபிலிட்டி’ பகுதியில் ‘மோனோ ஆடியோ’வைப் போட்டால் இரண்டு பக்க ஒலியும் நல்ல காதுக்கு வந்துவிடும்.

கடைசியாக விரல். தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. தோலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் விரலைக் கண்டுகொள்கிறது. வயதானால் தோல் வறண்டுபோகும், திரைக்கு விரல் இருப்பதே சரியாகத் தெரியாது. பலமாக அழுத்திப் பார்ப்பார்கள், அது நீண்ட அழுத்தமாகப் பதிவாகி வேறு ஏதோ திறக்கும், ஐகான் இடம் மாறும், சில நேரம் அழிந்தும் போகும். “நான் ஒண்ணும் பண்ணல, அதுவா போயிடுச்சு” என்று அவர் சொல்வது அவர் கண்ட உண்மை. தடிமனான ஸ்க்ரீன் கார்டை எடுத்துவிடுங்கள். சாம்சங் ஃபோனில் டிஸ்ப்ளே பகுதியில் ‘டச் சென்சிட்டிவிட்டி’யைக் கூட்டலாம். ஆண்ட்ராய்டில் ஆக்ஸசிபிலிட்டியில் ‘டச் அண்ட் ஹோல்டு டிலே’ என்பதை நீளமாக வைத்தால், கொஞ்சம் தாமதித்து விரலை எடுத்தாலும் அது சாதாரணத் தொடுதலாகவே கணக்காகும். கை நடுக்கம் இருந்தால் ஐஃபோனில் ‘டச் அக்காமடேஷன்ஸ்’ உதவும். தெரியாமல் இரண்டு முறை பட்டாலும் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். விரல் ரேகை தேய்ந்திருப்பவர்களுக்கு ரேகைப் பூட்டு அடிக்கடி மக்கர் செய்யும். நினைவில் நிற்கும் எண் பூட்டு ஒன்று எப்போதும் கூடவே இருக்கட்டும்.

ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் இன்னும் ஒன்று. திரையின் ஓரத்தை விரலால் தள்ளிப் பின்னே போகும் முறையை நிறுத்திவிட்டு, கீழே மூன்று பட்டன் தெரியும் பழைய முறைக்கு மாற்றுங்கள். செட்டிங்ஸில் ‘நேவிகேஷன்’ என்று தேடினால் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் அசைவைச் செய்யச் சொல்வதைவிட, தெரியும் ஒரு பட்டனைத் தொடச் சொல்வது எவ்வளவோ எளிது.

3. தேவையில்லாததைக் குறையுங்கள்

முதல் பக்கத்தில் அவர் கேட்ட நான்கைந்து ஐகான்கள் மட்டும் இருக்கட்டும். அடிக்கடி பேசும் ஆட்களின் முகப்படத்தையே அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டால், தொட்டதும் அழைப்பு போகும். சாம்சங் போன்ற ஃபோன்களில் முதல் பக்க அமைப்பைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு, அதைப் போட்டுவிட்டால் ஐகான் நகராது. பிரவுசரிலிருந்து வரும் அறிவிப்புகளை மொத்தமாக நிறுத்துங்கள். “உங்கள் ஃபோனில் வைரஸ்” என்று பயமுறுத்தும் செய்திகள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைகின்றன.

சாம்சங்கில் ‘ஈஸி மோட்’, ஐஃபோனில் 2023இல் ஐஓஎஸ் 17உடன் வந்த ‘அசிஸ்டிவ் ஆக்ஸஸ்’ என எளிய திரைகளும் இருக்கின்றன. இரண்டாவதில் பெரிய கட்டங்களாகச் சில ஆப்கள் மட்டுமே தெரியும். அது அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஏற்கெனவே ஃபோனை நன்றாகக் கையாளும் ஒருவரிடம் வயதைக் காரணம் காட்டி அதைத் திணித்தால், கையிலிருந்ததைப் பிடுங்கியதுபோல் ஆகிவிடும். மொழியும் அப்படித்தான். தமிழுக்கு மாற்றலாமா, பழகிய ஆங்கிலச் சொற்களே இருக்கட்டுமா என்று அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

டிவியில் பெரிய தொல்லை இரண்டு மூன்று ரிமோட். எச்டிஎம்ஐ கேபிள் வழியாக இணைந்த கருவிகளை ஒரே ரிமோட்டால் இயக்கும் ‘சிஇசி’ என்ற வசதி பெரும்பாலான டிவிகளில் உண்டு. சாம்சங்கில் ‘எனிநெட் பிளஸ்’, எல்ஜியில் ‘சிம்ப்ளிங்க்’, சோனியில் ‘பிராவியா சிங்க்’ என்ற பெயரில் இருக்கும். செட்டாப் பாக்ஸிலும் அந்த வசதி இருந்து, அதை இயக்கினால் டிவியைப் போடும்போதே பாக்ஸும் எழுந்துகொள்ளும், பல வீடுகளில் ஒரு ரிமோட்டே போதுமானதாகிவிடும். மீதியிருக்கும் ரிமோட்டில் தேவையான பட்டன்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின் மேல் டேப் ஒட்டிவிடலாம். ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்ற பட்டனை முதலில் மூடுங்கள்.

வாஷிங் மெஷினில் அவர் எப்போதும் பயன்படுத்தும் ஒரே ஒரு முறைக்கு நேராக, தொட்டால் தட்டுப்படும் ரப்பர் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நகப்பூச்சில் ஒரு துளி வைத்தாலும் போதும். முன்பக்கக் கதவு உள்ள மெஷின் முடிந்த உடனே திறக்காது, ஒன்றிரண்டு நிமிடம் பூட்டு விடுபடக் காத்திருக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கைப்பிடி உடையும். எந்தப் பட்டனுக்கும் எதுவும் நடக்கவில்லை என்றால் முதலில் ‘சைல்டு லாக்’ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். துடைக்கும்போது தெரியாமல் அழுத்தி விழுந்துவிடும், பூட்டுப் படம் உள்ள பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் போய்விடும்.

இண்டக்ஷன் அடுப்பில் தீ தெரியாது என்பதால் பெரியவர்கள் தயங்குவது நியாயம்தான். காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் சூடேறும். ஒட்டாத பாத்திரங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பாத்திரத்தை எடுத்த பிறகும் கண்ணாடி சுடும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர் வீட்டில் இருந்தால், இயங்கும் இண்டக்ஷன் அடுப்புக்கும் பேஸ்மேக்கருக்கும் இடையே குறைந்தது 60 செ.மீ. இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனின் அறிவுரை. ஃபோனையும் சட்டையின் மேல்பையில் வைக்காமல் 15 செ.மீ.யாவது தள்ளி வைப்பது நல்லது. அடுப்பு வாங்குவதற்கு முன்பே அவருடைய இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

4. இப்போது சொல்லிக்கொடுங்கள்

ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: உங்கள் விரல் திரையைத் தொடக் கூடாது. “இங்க குடுங்க, நான் காட்டுறேன்” என்று வாங்கி, சரசரவென்று நான்கு முறை தட்டித் திருப்பிக் கொடுத்தால் அவர் பார்த்தது உங்கள் விரலை மட்டும்தான். எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் கையே செய்யட்டும். உங்கள் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இது உண்மையிலேயே உதவும்.

ஒரு அமர்வில் ஒரே ஒரு காரியம். அதை ஒரே வழியில் மட்டும் சொல்லிக்கொடுங்கள். “இப்படியும் போகலாம்” என்று குறுக்குவழி காட்டினால், இரண்டும் கலந்து இரண்டுமே நிற்காது. அண்ணன் ஒரு வழி, தங்கை ஒரு வழி என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொடுக்காமல், வீட்டில் எல்லோரும் ஒரே வழியைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படுவதை வைத்தே பேசுங்கள். “மெனுவுக்குப் போங்க” என்றால் புரியாது, “கீழே பச்சை வட்டம் தெரியுதா?” என்றால் புரியும்.

காரியத்தைச் சொல்லிக்கொடுப்பதற்கும் முன்னால், தொலைந்துபோனால் திரும்பி வருவது எப்படி என்று பழக்குங்கள். வேண்டுமென்றே எங்காவது தப்பான இடத்துக்குப் போகச் சொல்லி, வட்டப் பட்டனை அழுத்தி முதல் பக்கத்துக்கு வரச் செய்யுங்கள். நாலைந்து முறை அப்படி வந்துவிட்டால், “எதையாவது தொட்டுக் கெடுத்துடுவேனோ” என்ற பயம் பெருமளவு போய்விடும். பெரியவர்களைக் கருவியிலிருந்து தள்ளி நிறுத்துவதில் அந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் எந்தெந்தப் பட்டனால் எதுவும் கெடாது, எதை மட்டும் தொடக் கூடாது என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

செய்து முடித்ததும் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அவரே, அவர் கையெழுத்தில், அவர் வார்த்தையில். நாம் அழகாக அச்சடித்துத் தருவதைவிட அதுதான் பிறகு பயன்படும். ஒரு தாளில் ஒரு காரியம், அதைக் கருவிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். மறுநாள் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அவர் தனியாகச் செய்யட்டும், எங்கே தடுக்குகிறதோ அந்த வரியை மட்டும் சேர்ந்து திருத்துங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. ஒரே நாளில் பத்து முறை செய்வதைவிட, நாள் விட்டு நாள் செய்வது நன்றாகப் பதியும்.

மறந்துவிட்டுக் கேட்டால், முதல் முறை கேட்பதுபோலவே பதில் சொல்லுங்கள். “அப்பவே சொன்னேனே” என்ற ஒரு சொல் போதும், அடுத்த முறை அவர் கேட்கவே மாட்டார்.

தட்டச்சு செய்வது சிரமம் என்றால் குரலைப் பழக்கலாம். கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017 முதல் தமிழும் இருக்கிறது. விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகிவிடும். வயதான பலருக்கு ஃபோனில் மிகவும் பிடித்துப்போகும் வசதி இதுதான்.

5. தூரத்திலிருந்து உதவுவது

நேரில் போகும்போதே ஒரு வேலை செய்துவையுங்கள்: ரிமோட், டிவியின் பின்பக்கம், ரவுட்டர், வாஷிங் மெஷின் பலகை எல்லாவற்றையும் படம் எடுத்து உங்கள் ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். பிளக்குகளில் ‘டிவி’, ‘நெட்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அப்புறம் அழைப்பு வந்தால் இப்படிப் பேசலாம்:

“பெரியப்பா, டிவில படம் வரலையா? எழுத்து ஏதாவது தெரியுதா?”

“ஏதோ ‘நோ சிக்னல்’னு போட்டிருக்கு.”

“அப்போ டிவி நல்லா இருக்கு. கீழ செட்டாப் பாக்ஸ்ல விளக்கு எரியுதா பாருங்க.”

“சிவப்பா எரியுது.”

“சின்ன ரிமோட்ல மேல இருக்கிற சிவப்பு பட்டனை ஒரு தடவை அழுத்துங்க.”

என்ன தெரிகிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் ஒரே ஒரு செயலைச் சொல்லுங்கள். அவர் அதை முடித்த பிறகுதான் அடுத்தது.

ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால், ஃபோன் கேமராவைத் திறந்து அதற்கு எதிரே ரிமோட்டின் முனையைக் காட்டிப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பல கேமராக்களில் வெளிர் ஊதாவாக மின்னுவது தெரியும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். இரண்டிலும் மின்னவில்லை என்றால் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம், புதியதையும் பழையதையும் கலக்காமல். குரலால் இயங்கும் ரிமோட்டுகளில் பல புளூடூத் வகை. அவற்றுக்கு இந்தச் சோதனை செல்லாது.

நெட் வரவில்லை என்றால் ‘நெட்’ என்று எழுதிய பிளக்கைப் பிடுங்கி, 30 நொடி கழித்துச் செருகி, ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். ரவுட்டரின் பின்னால் குண்டூசி நுழையும் அளவு சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் எல்லா அமைப்பும் அழிந்துவிடும், அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஃபோன் பிரச்சினைக்கு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே 2023 முதல் திரையைப் பகிரும் வசதி இருக்கிறது. பிரச்சினை வரும்வரை காத்திருக்காமல், சும்மா பேசும்போதே அதை அவருக்குப் பழக்கிவிடுங்கள். உங்களைத் தவிர யார் கேட்டாலும் திரையைப் பகிரக் கூடாது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

6. ஏமாற்றுக்காரர்கள்

நீண்ட பட்டியல் கொடுத்தால் எதுவும் நினைவில் நிற்காது. மூன்று போதும். ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. யாரோ அழைத்துச் சொன்னார்கள் என்று எந்த ஆப்பையும் இறக்கக் கூடாது. தூரத்திலிருந்தே இன்னொருவர் திரையைப் பார்க்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஆப்கள் நல்ல கருவிகள்தான், ஆனால் திருடன் கேட்டால் அவற்றின் வழியாக உங்கள் திரை முழுக்க அவன் கண்ணுக்குப் போகும். அவசரப்படுத்துகிற எந்த அழைப்பையும் துண்டித்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் பேச வேண்டும். இப்போது தெரிந்தவர் குரலைப் போலவே செயற்கையாகப் பேசவைக்க முடிகிறது. அதனால் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள். பணம் கேட்டு யார் குரல் வந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்கலாம்.

கடவுச்சொற்களை நோட்டில் எழுதிப் பீரோவில் வைப்பது தப்பில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஃபோன் உறைக்குள் மட்டும் சொருகி வைக்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து ஒருவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் திருப்பி எடுக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. “எது நடந்தாலும் உடனே என்கிட்ட சொல்லுங்க, நான் கோபப்பட மாட்டேன்” என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள். அதே சமயம் உதவுகிறோம் என்ற பெயரில் அவருடைய செய்திகளையும் வங்கிக் கணக்கையும் கேட்காமல் திறந்து பார்ப்பது சரியில்லை. எதை நீங்கள் பார்க்கலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

7. கவனத்தில் வைக்கவேண்டிய இரண்டு

ஃபோனின் பூட்டைத் திறக்காமலே தெரியும்படி அவசரத் தகவலை நிரப்பி வையுங்கள்: மருந்துகள், ஒவ்வாமை, அழைக்கவேண்டிய எண். தனியாக இருப்பவருக்கு விழுந்தால் கண்டறியும் கடிகாரம் பயன்படும். ஆப்பிள் வாட்ச்சில் இது 2018இல் வந்த சீரிஸ் 4 முதல் இருக்கிறது. பயனரின் வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிவாகியிருந்தால் தானாகவே இயங்கும். ஆனால் தினமும் சார்ஜ் போட்டுக் கட்டிக்கொள்ள அவர் சம்மதிக்க வேண்டும். பெட்டிக்குள் கிடக்கும் கடிகாரத்தைவிட, படுக்கைக்குப் பக்கத்தில் பெரிய எண்களுடன் ஒரு சாதாரணத் தொலைபேசி இருப்பது மேல்.

இன்னொன்று. புதிதாக ஒன்றைக் கற்கத் திணறுவது எந்த வயதிலும் இயல்பு. ஆனால் பல வருடமாகத் தானே இயக்கிக்கொண்டிருந்த மைக்ரோவேவிலோ டிவியிலோ ஒருவர் சில வாரங்களில் அடுத்தடுத்துத் தடுமாற ஆரம்பித்தால், அதைக் கருவியின் பிரச்சினையாக நினைக்காதீர்கள். பார்வை, கேட்கும் திறன், புதிதாகத் தொடங்கிய மருந்து, தொற்று, மனச்சோர்வு, நினைவாற்றல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எந்தக் கருவியில், எந்தப் படியில், எந்தத் தேதியிலிருந்து தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பொதுவாக “மறதி அதிகமாயிடுச்சு” என்பதைவிட, “பத்து வருஷமா தானே போட்ட வாஷிங் மெஷினை இரண்டு வாரமா போடத் தெரியல” என்று சொன்னால் அவருக்கு நிறைய புரியும். ஒரே நாளில் திடீரென்று பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை வலுவிழந்து ரிமோட் நழுவினாலோ, குறிப்பெடுத்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே ஆம்புலன்ஸை அழையுங்கள்.